திருகோணமலையிலிருந்து மூளை ஆய்வுகூடத்துக்கு: அறிகை நரம்பியலில் இடம் தேடும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"மூளையைப் பற்றி ஆராய விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்குவது?" என்று என்னிடம் கேட்கும் திருகோணமலைப் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று விதமானவர்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்குத் தேவையான இசட் புள்ளி சற்றுக் குறைந்துபோனவர்கள் ஒரு பகுதியினர். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானமோ, மொழியும் தொடர்பாடலுமோ, சித்த மருத்துவமோ படிப்பவர்கள் இன்னொரு பகுதியினர். பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு என்று வெளியே சென்று பட்டம் முடித்துவிட்டு, அரச நியமனத்துக்குக் காத்துக்கொண்டு உவர்மலையிலோ கிண்ணியாவிலோ வீட்டில் இருப்பவர்கள் மூன்றாம் பகுதியினர். மூவருக்கும் நான் சொல்வது ஒன்றே. ஆய்வுகூடத் தலைவர்கள் சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஆள் எடுப்பது குறைவு. மிகச் சிறியதாக இருந்தாலும் நீங்களே தொடங்கி நீங்களே முடித்த ஒரு வேலையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள், அந்த வேலையைத் திருகோணமலையில் இருந்தபடியே செய்ய முடியும்.

நான் ஆய்வு உதவியாளராக இருந்த காலத்தில், வருகின்ற விண்ணப்பங்களை முதலில் வாசித்துப் பிரித்து வைக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. கீழே எழுதுவதில் பாதி அந்த மேசையில் கற்றது. மறுபாதி அதற்கு முன்னர் நானே விண்ணப்பித்துத் தோற்றுக் கற்றது.

துறையைப் பற்றிய தெளிவு

எங்கள் பகுதியில் உளவியல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது உளவளத்துணை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் கிழக்கில் நடந்த உளசமூகப் பணிகளே அதற்குக் காரணம். அறிகை நரம்பியல் அதனின்றும் வேறானது. கவனம், நினைவு, மொழி, முடிவெடுத்தல், முகங்களை இனங்காணல் முதலிய ஆற்றல்கள் மூளையில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை, பெரும்பாலும் நலமாக உள்ளவர்களைக் கொண்டு, அளந்து ஆராயும் துறை அது. நோயாளரைக் குணப்படுத்த விரும்புபவர் நரம்பியல் மருத்துவத்தையோ மருத்துவ உளவியலையோ நாடுவதே நல்லது. அளவீட்டிலும் கணக்கிலும் பொறுமை உள்ளவருக்கே இந்த ஆய்வுகூடம் பொருந்தும். கணினி விஞ்ஞானம், பௌதிகம், புள்ளிவிபரவியல், மொழியியல் படித்தவர்கள் இத்துறைக்குள் வருவது வழமையான ஒன்று என்பதால், உளவியல் பட்டம் இல்லையே என்று யாரும் ஒதுங்கத் தேவையில்லை.

முதற்படி: ஒரு கேள்வியையும் ஒரு கருவியையும் தெரிந்துகொள்ளுங்கள்

"மூளையில் ஆர்வம்" என்பது எந்த ஆய்வுகூடத்துக்கும் பொருந்தும் சொல், ஆகையால் எந்த ஆய்வுகூடத்தையும் அது அசைக்காது. உங்களுக்குரிய கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். வாசிக்கும்போது எழுத்து எவ்வாறு சொல்லாகிறது, இரு மொழி பேசுபவர் ஒரு மொழியை எவ்வாறு அடக்கி மற்றதைப் பேசுகிறார், இரைச்சலின் நடுவே ஒரு குரலை மட்டும் எவ்வாறு கேட்கிறோம் என்பன போன்ற அளவில் அது இருந்தால் போதும்.

கருவிகளில் இரண்டைப் பற்றியாவது அடிப்படை விளங்கியிருக்க வேண்டும். மூளையின் மின் அலைகளை உச்சந்தலையிலிருந்து பதியும் ஈ.ஈ.ஜி., ஜேர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனிதரிடம் முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மாற்றத்தையும் அது காட்டும். ஆனால் அந்த மாற்றம் மூளையின் எந்த இடத்தில் எழுந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டாது. செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. இதற்கு நேர்மாறு. குருதியிலுள்ள ஒட்சிசன் அளவின் வேறுபாட்டை வைத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான சிறு கனசதுரங்களாக மூளையைப் பிரித்துக் காட்டும். ஆனால் குருதியோட்டம் மெதுவானது என்பதால் பல நொடிகளுக்குப் பரந்த மங்கலான காலக்கணக்கையே தரும். "எப்போது" என்று கேட்பவர் ஈ.ஈ.ஜி.யையும், "எங்கே" என்று கேட்பவர் எம்.ஆர்.ஐ.யையும் நாடுகிறார் என்று நினைவில் வைத்துக்கொண்டால், ஓர் ஆய்வுகூடம் எந்தக் கருவியை வைத்திருக்கிறது என்பதிலிருந்தே அது எவ்வகைக் கேள்விகளைக் கேட்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பெரிய இயந்திரம் இல்லாமலும் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் தொடர்ந்தும் வலி உணர்பவர்களுக்கு, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்தக் கேள்வியின் கனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம்படி: என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று அறியுங்கள்

ஆய்வுகூடத்தில் புதியவருக்குரிய இடங்கள் சிலவே. தொண்டராகவோ பயிலுநராகவோ சில மாதங்கள் இருப்பது ஒன்று. சம்பளம் பெறும் ஆய்வு உதவியாளர் பணி அடுத்தது. உபகரணம், பங்குபற்றுனர் பதிவு, கணக்குவழக்கு எல்லாவற்றையும் பார்க்கும் ஆய்வுகூட முகாமையாளர் பணி, குறிப்பாக வட அமெரிக்காவில், கலாநிதிப் படிப்புக்கு முன்னர் பலர் ஏறும் படியாக இருக்கிறது. முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி ஆகிய படிப்பிடங்கள் அவற்றுக்கு மேலே உள்ளவை.

இலங்கையில் ஆய்வு உதவியாளர் பணி என்பது பெரும்பாலும் ஒரு விரிவுரையாளருக்குக் கிடைத்த ஆய்வு நிதியோடு பிறந்து அந்த நிதியோடு முடிவது. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் வழங்கும் நிதிகளில் உதவியாளர் சம்பளத்துக்கென ஒரு பகுதி இருப்பதுண்டு, அத்துடன் முதுதத்துவமாணிப் பதிவும் சேர்ந்து வருவதுண்டு. இப்படிப்பட்ட விளம்பரங்கள் பல்கலைக்கழகங்களின் தளங்களிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வரும், ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி அநேகமாக இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே இருக்கும். அறிகை நரம்பியல் என்ற பெயர்ப்பலகையைத் தேடினால் இங்கு ஏமாற்றமே மிஞ்சும். பேராதனையின் கலைப்பீடத்திலுள்ள உளவியல் துறை, மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியலோடு மூளை அலைகளைக் கணினிக்கு இணைக்க முயல்பவர்கள், மருத்துவ பீடங்களின் உடற்றொழிலியல் மற்றும் உளமருத்துவத் துறைகள் என்று வேறு பெயர்களுக்குள்ளேதான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது.

இந்தியா எங்களுக்குக் கிட்டியது. பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் நரம்பியல் விஞ்ஞான மையமும், தேசிய உளநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனமான நிம்ஹான்ஸும் உள்ளன. மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. அலகாபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகங்களிலும் காந்திநகர், கான்பூர் ஐ.ஐ.டி.களிலும் அறிகை விஞ்ஞானத்துக்கெனத் தனி மையங்களோ துறைகளோ உள்ளன, சென்னை ஐ.ஐ.டி.யில் மனித மூளையைக் கல அளவில் வரைபடமாக்கும் மையம் ஒன்றும் இயங்குகிறது. எனினும் அரச நிதியில் வரும் செயற்றிட்ட உதவியாளர் பணிகள் பல இந்தியக் குடியுரிமையை எதிர்பார்ப்பவை என்பதை விளம்பரத்தின் கடைசி வரிவரை வாசித்தால்தான் காண்பீர்கள். ஆகவே இலங்கையர்களுக்கு முதுமாணிப் படிப்பின் வழியாக நுழைவதே இலகு. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஆண்டுதோறும் அறிவிக்கும் நேரு நினைவு, மௌலானா ஆசாத் புலமைப்பரிசில்களை அந்த நோக்கத்தோடு கவனியுங்கள்.

அதற்கு அப்பால், ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே நடத்தப்படுகிறார். ஆனால் அங்கு முதுமாணிப் பட்டம் முன்கூட்டியே வேண்டும். லைப்சிக் நகரிலுள்ள மனித அறிகை மற்றும் மூளை விஞ்ஞானத்துக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும், நைமேகன் நகரிலுள்ள டொண்டர்ஸ் நிறுவனமும் இத்துறையில் எல்லோரும் அறிந்தவை. அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்குப் போகலாம். ஆனால் சம்பள உதவியாளர் பணிக்கு வெளிநாட்டவருக்கு விசா எடுத்துக்கொடுக்கும் ஆய்வுகூடங்கள் குறைவு என்பதால், அந்த விளம்பரங்களின் பின்னால் ஓடிக் காலத்தை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம்படி: ஒரு வேலையைச் செய்து முடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் இதை வாசியுங்கள்.

பெரிய ஆய்வுகூடங்கள் தாம் பதிந்த மூளைத் தரவுகளை இப்போது பொதுவில் வைக்கின்றன. ஓப்பன்நியூரோ என்ற களஞ்சியத்தில் எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. தரவுத்தொகுதிகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது ஈ.ஆர்.பி. கோர் என்ற தொகுதி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 40 இளையோரிடம் பதிந்த தரவுகள் அவை. ஆறு சிறு பரிசோதனைகளின் வழியாக, நன்கு அறியப்பட்ட ஏழு மூளை அலைக் கூறுகளைக் காட்டும் வகையில் தொகுக்கப்பட்டவை.

அவற்றுள் என்-400 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் கண்டு வெளியிட்ட கூறு இது. வாக்கியத்தின் போக்குக்குப் பொருந்தாத சொல்லைக் கண்டவுடன், ஏறத்தாழ 400 மில்லிநொடியில் உச்சந்தலையில் எதிர்மறைப் பக்கமாக எழும் அலை அது. "ஆச்சி வெற்றிலையை மென்றார்" என்ற வாக்கியத்தை எதிர்பார்த்திருக்கும் மூளைக்கு "ஆச்சி வெற்றிலையை ஓட்டினார்" என்று காட்டினால் என்ன நிகழும் என்பதை எண்ணிப்பாருங்கள். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடும். தமிழில் வினை ஈற்றில் வருவதால் எதிர்பார்ப்பு முழுவதும் கடைசிச் சொல்லில் குவிகிறது. இந்த வேறுபாடே ஓர் ஆய்வுக் கேள்வி.

செய்முறை இதுதான். பைதான் என்ற நிரல் மொழியின் அடிப்படையை இரண்டு மாதங்களில் படியுங்கள். அதில் இயங்கும் எம்.என்.ஈ. என்ற இலவச மென்பொருளின் பயிற்சிப் பக்கங்களை ஒன்று விடாமல் செய்து பாருங்கள். தரவு முழுவதையும் ஒரே நாளில் இறக்க முயலாமல், இரவுநேர டேட்டாவில் ஐந்து பேரின் கோப்புகளை மட்டும் இறக்குங்கள். மடிக்கணினியில் 4 ஜீ.பீ. நினைவகமே இருந்தால், இணையத்திலேயே நிரலை இயக்கும் கூகுள் கோலாப்பில் வேலை செய்யலாம். கண் சிமிட்டலால் வரும் பெரிய அலைகளை நீக்குங்கள். இத்தொகுதியில் வாக்கியங்களுக்குப் பதிலாகச் சொற்சோடிகளே காட்டப்பட்டன; அவற்றுள் பொருளால் தொடர்புள்ள சோடிகளுக்கும் தொடர்பற்ற சோடிகளுக்கும் சராசரி அலைகளைத் தனித்தனியே வரைந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை 300 முதல் 500 மில்லிநொடி வரையான பகுதியில் அளவிடுங்கள். பிறகு என்ன செய்தீர்கள், எதை ஏன் நீக்கினீர்கள், எது சரிவரவில்லை என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி, நிரலோடு சேர்த்து, நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிற்ஹப்பில் இடுங்கள். சரிவராததை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டாம். விண்ணப்பங்களைப் பிரித்த காலத்தில், "மூன்றாம் நபரின் தரவில் ஒரு மின்முனை பழுதாகியிருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் எடுத்தன" என்று எழுதிய ஒருவரின் கடிதத்தை நான் நேரே தலைவரின் மேசையில் வைத்தேன்.

நிரலாக்கத்தில் மனம் செல்லாதவர்கள் பரிசோதனை அமைப்பதிலிருந்து தொடங்கலாம். சைக்கோபை என்ற இலவச மென்பொருளில், 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட பரிசோதனையைத் தமிழில் அமையுங்கள். 'சிவப்பு' என்ற சொல்லை நீல நிறத்தில் காட்டி, சொல்லை வாசிக்காமல் நிறத்துக்குரிய விசையை அழுத்தச் சொல்வதே அது. தமிழ் எழுத்துகள் திரையில் சிதைந்து, கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றினால், சொற்களைப் படங்களாகச் சேமித்துக் காட்டுங்கள். அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அமைத்தால், மும்மொழிப் பெயர்ப்பலகைகளின் கீழே நடந்து வளர்ந்த திருகோணமலைக்காரருக்கே இயல்பாக எழும் ஒரு கேள்வி உங்கள் கையில் இருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் அயலவர்களையும் நண்பர்களையும் வைத்துத் தரவு சேகரித்து அதை "ஆய்வு" என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். உங்களை நீங்களே சோதித்து, அதை ஒரு செய்முறை விளக்கம் என்று குறிப்பிட்டால் போதும். அனுமதியின் பெறுமதி அறியாதவர் என்ற எண்ணம் ஒருமுறை ஏற்பட்டால் அதை மாற்றுவது கடினம்.

தனியே படிக்க முடியாதவர்களுக்கு, 2020இல் தொடங்கிய நியூரோமாட்ச் அக்கடமியின் இணையவழிக் கோடைக்காலப் பயிற்சி உண்டு. மூன்று வாரங்கள் முழுநேரமாக நடக்கும். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், இயலாதவர்கள் விலக்கும் கேட்கலாம். சான்றிதழுக்காக அன்றி, அங்கு குழுவாகச் செய்யும் செயற்றிட்டத்துக்காகவே அதில் சேர வேண்டும்.

நான்காம்படி: ஆய்வுகூடங்களைப் படித்துத் தெரிவுசெய்யுங்கள்

கூகுள் ஸ்கொலரில் உங்கள் கேள்வியைத் தேடி, கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை எடுங்கள். இத்துறையில் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதலில் நிற்கும் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்த மாணவருடையது. கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுகூடத் தலைவருடையது. கடைசிப் பெயரைத்தான் நீங்கள் பின்தொடர வேண்டும். கட்டுரையின் இறுதியில் உள்ள நன்றி நவிலலில் எந்த நிதி என்று இருக்கும். அண்மையில் பெற்ற நிதியுள்ளவரிடமே ஆள் எடுக்கப் பணம் இருக்கும். ஆய்வுகூடத்தின் பக்கத்தில் பழைய உறுப்பினர்கள் எங்கே போனார்கள் என்ற பட்டியல் இருந்தால் அதைக் கவனமாகப் பாருங்கள். உதவியாளராக இருந்தவர்கள் நல்ல படிப்பிடங்களுக்குப் போயிருந்தால் அங்கு ஆளை வளர்க்கிறார்கள் என்று பொருள். ஆண்டுதோறும் பெயர்கள் மாறி, போன இடம் எதுவும் குறிக்கப்படாமல் இருந்தால் சற்று யோசியுங்கள்.

இந்திய மொழிகளை ஆராய்ந்தவர்களை முதலில் தேடுவது பலன் தரும். தெலுங்கு வாசிப்பவர்களையும் மலையாளம் வாசிப்பவர்களையும் ஒப்பிட்டு, எழுத்தறிவு பார்வையை எவ்வாறு மாற்றுகிறது என்று பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மானேசரில் தேவநாகரி வாசிப்பை எம்.ஆர்.ஐ.யில் ஆராய்ந்திருக்கிறார்கள். உயிர்மெய்களையும் சேர்த்து 247 எழுத்துகள் என்று நாம் எண்ணும் எழுத்து முறையும், எழுத்தில் 'வருகிறார்கள்' என்பதை வாயில் 'வாறாங்க' என்று சொல்லும் இரட்டை வழக்கும் அப்படிப்பட்டவர்களுக்குச் சுவையான செய்திகள். தமிழ் உங்களுக்கு வீட்டு மொழி. அவர்களுக்கு அது கிடைத்தற்கரிய ஆய்வுப்பொருள்.

பத்து ஆய்வுகூடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரையை முழுவதும் வாசியுங்கள்.

ஐந்தாம்படி: கடிதம்

என் முதல் முயற்சியில் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினேன். "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கிய அக்கடிதம் போய்ச் சேர்ந்தவர்களில் குறைந்தது பத்துப் பேர் பெண்கள். ஓரிடத்தில் முன்னைய பேராசிரியரின் பெயரை மாற்ற மறந்தும் விட்டேன். பதில் எழுதியவர் ஒருவர். அவர் எழுதியதும் அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டத்தான்.

கடிதம் ஆங்கிலத்தில் 200 சொற்களுக்குள் இருக்கட்டும். முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், என்ன இடம், எந்த மாதத்திலிருந்து கேட்கிறீர்கள் என்பது வர வேண்டும். அடுத்து, அவர்களின் ஒரு கட்டுரையில் நீங்கள் கண்ட ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிடுங்கள். புகழ்ச்சி வேண்டாம், ஒரு கேள்வியாக இருந்தால் நல்லது. பிறகு நீங்கள் செய்து முடித்த வேலையின் இணைப்பையும், அதில் கண்டதை ஒரே வாக்கியத்திலும் தாருங்கள். கடைசியாக, பணம் பற்றிய உண்மை நிலை: புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா, சம்பளம் இல்லாமல் வர இயலாதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "மூளை எனக்குச் சிறுவயது முதலே வியப்பைத் தந்தது" என்று தொடங்கும் பந்தியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அப்படித் தொடங்கிய கடிதங்களை நான் எண்ணுவதைக் கைவிட்டுவிட்டேன்.

இங்குள்ள விரிவுரையாளர்களை 'சேர்', 'மெடம்' என்று அழைக்கும் பழக்கத்தை வெளிநாட்டுக் கடிதத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். 'பேராசிரியர்' என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். இலங்கைக்குள் எழுதும்போது அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் பேராதனையிலோ மொறட்டுவையிலோ உள்ளவரிடம், தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் மூலம் நேரம் கேட்டுப் பெற்று நேரில் போவது பத்து மின்னஞ்சலுக்குச் சமம். ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் அரைநாள் செலவழிப்பது வீண் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஆறாம்படி: பெயரும் பத்திரங்களும்

சிறிய விடயம்போலத் தோன்றி மாதக்கணக்கில் இழுத்தடிப்பது இதுதான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னாலும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும் நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒன்றாகவும் உயர்தரச் சான்றிதழில் வேறொன்றாகவும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களையும் நிரப்புங்கள். ஓர்கிட் என்ற இலவச ஆய்வாளர் இலக்கத்தை இப்போதே எடுத்து, நாளை கட்டுரையில் வரவேண்டிய உங்கள் பெயர் வடிவத்தை அதில் நிலைப்படுத்துங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவராக இருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக, உங்கள் முகம் நினைவில்லாத ஒருவரிடம் கேட்பதைக் காட்டிலும், இறுதியாண்டு ஆய்வை மேற்பார்வை செய்த இளம் விரிவுரையாளர் எழுதும் கடிதம் எடை கூடியது. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே கேளுங்கள்.

காலக்கணக்கை ஓகஸ்டிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கலாநிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் மூடப்படும். நேர்முகம் ஜனவரி முதல் மார்ச் வரை. பல பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஐ.ஈ.எல்.ரீ.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும் என்பதால் மிக முந்தியும் எழுத வேண்டாம்.

ஏழாம்படி: நேர்முகம்

ஸூமில் நடக்கும். மின்வெட்டுக்கும் இணையத் தடைக்கும் முன்கூட்டியே ஆயத்தமாகி, கைப்பேசி டேட்டாவைத் தயாராக வைத்திருங்கள். கேள்விகள் பெரும்பாலும் நீங்கள் செய்த வேலையைச் சுற்றியே இருக்கும்: தரவிலுள்ள இரைச்சலை நீக்க இந்த வடிகட்டலை ஏன் தெரிந்தீர்கள், ஐந்து பேரில் கண்டதை எவ்வளவு நம்பலாம், மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்கள். இரண்டாவது கேள்வி பொறியல்ல. 2015இல் வெளியான ஒரு பெரும் கூட்டு முயற்சியில் உளவியலின் 100 ஆய்வுகளை மீளச் செய்தபோது, ஏறத்தாழ 36 வீதமானவையே மீண்டும் புள்ளிவிபர முக்கியத்துவம், அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத விளைவு, காட்டின. அதன்பின் சிறிய மாதிரியை வைத்துப் பெரிதாகப் பேசுபவரை இத்துறை சந்தேகத்தோடு பார்க்கிறது. "ஐந்து பேர் போதாது, இது பயிற்சிக்காகச் செய்தது" என்று சொல்வதே சரியான விடை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

சம்பளமில்லாத இடம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. நீண்டகால இலவச உழைப்பை வீட்டு வசதியுள்ளவர்களால் மட்டுமே தாங்க முடியும். யார் மேற்பார்வை செய்வார், என்ன வேலை செய்தால் கட்டுரையில் பெயர் வரும், முடிவில் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்பவற்றை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடம் தருவதற்குப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களும், கட்டுரையில் பெயர் சேர்க்கப் பணம் கேட்பவர்களும் ஏமாற்றுக்காரர்களே.

வீட்டில் "இது நிரந்தர வேலையா?" என்று கேட்பார்கள். இல்லை என்பதே உண்மை. ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுகள் என்று காலத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு எங்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதையும் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் விளங்கிக்கொள்வார்கள்.

முதல் வாரங்கள்

ஈ.ஈ.ஜி. ஆய்வுகூடமாக இருந்தால் உங்கள் முதல் வேலை தொப்பி மாட்டுவதும், மின்முனைகளுக்குள் களிம்பு இடுவதும், பின்னர் அவற்றைக் கழுவுவதுமாக இருக்கும். எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய தலைமுடியில் மின்முனை தோலைத் தொடாது என்பதால், பங்குபற்றுனருக்கு முதல்நாளே செய்தி அனுப்பி, எண்ணெய் வைக்காமல் தலை முழுகி வரச் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர்ப் பெண்களிடம் எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதை வெளியூர்ப் பேராசிரியருக்கு நீங்கள்தான் கற்பிக்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. ஆய்வுகூடமாக இருந்தால் முதலில் பாதுகாப்புப் படிவம். தாலி, மெட்டி, தோடு, கண்ணாடி எல்லாம் வெளியே கழற்றி வைக்கப்பட வேண்டும் என்பது எவரும் சொல்லித்தருவது. கழற்ற விரும்பாத திருமணமான பெண்ணை வற்புறுத்தாமல், பங்குபற்றாமல் விடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் படிவத்தில் உடலில் உலோகத் துண்டு ஏதும் உண்டா என்ற ஒரு வரி இருக்கும். பல நாடுகளில் அது வெறும் சடங்காகக் கேட்கப்படும் வரி. வடக்கு கிழக்கிலிருந்து வந்தவரிடம் அதை அப்படிக் கேட்டுவிட்டுக் கடந்துபோக முடியாது. தோலுக்கு அடியிலோ கண்ணுக்கு அருகிலோ ஷெல் துண்டு இருந்து, அது வலிக்காததால் மறந்தே போனவர்கள் இருக்கிறார்கள். காந்தப் புலத்துக்குள் அது அசையக்கூடியது. ஆகவே ஆளை இருத்தி, யாரும் கேட்காத இடத்தில், சிறுவயதில் எங்கே இருந்தீர்கள், எப்போதாவது காயப்பட்டீர்களா என்று பொறுமையாகக் கேளுங்கள். சந்தேகம் சிறிது இருந்தாலும் அவரை இயந்திரத்துக்குள் அனுப்பாமல், பொறுப்பான வைத்தியரிடம் சொல்லுங்கள்.